மரக்கடைக்குப் போகும் முன்: கன அடி, நூல், வைரம், வெள்ளை

முதன்முதலில் மரக்கடைக்குப் போனபோது, "தேக்கு சதுர அடி என்ன விலை அண்ணாச்சி?" என்று கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை, பக்கத்தில் கட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துபோயிற்று. அதற்கப்புறம் அவர்கள் சொன்னதுதான் அளவு, எழுதியதுதான் பில்.

தென்காசிப் பக்கம் வீடு கட்டி, ஒரு தலைவாசல், ஆறு உள் கதவு, ஒன்பது ஜன்னல் போட்டு முடிப்பதற்குள் நான் பட்டுத் தெரிந்துகொண்டது என்னவென்றால், மரக்கடையில் நாம் பணத்தை விடுவது ரேட்டில் இல்லை, அளவில். ரேட்டை எல்லாருமே பேரம் பேசுகிறோம், கன அடிக்கு நூறு ரூபாய் குறைத்துவிட்டோம் என்று சந்தோஷமாக வெளியே வருகிறோம். அந்த நூறு ரூபாய் டேப் பிடிக்கிற விதத்திலேயே திரும்பப் போய்விடும். எனவே நீங்கள் முதலில் பழக வேண்டியது அங்கே புழங்கும் வார்த்தைகளைத்தான்.

1. லிஸ்ட் இல்லாமல் கிளம்பாதீர்கள்

ஆசாரியை உட்காரவைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், அகலம், கனம், எத்தனை என்று எழுதி வாங்குங்கள். "ஏழு கதவுக்கு மரம் வேண்டும்" என்று போய் நின்றால் கடைக்காரர் கணக்குப் போடுவார், அதில் தாராளமாகவே போடுவார்.

லிஸ்டில் வரும் வார்த்தைகள் இவை. சுவரோடு நிற்கும் சட்டகம்தான் நிலை. அதில் நிற்கும் இரண்டும் கால், மேலே படுத்திருப்பது மேல் சட்டம், கீழே வருவது படி. உள் கதவு நிலைகளுக்கு இப்போது பலர் படி வைப்பதில்லை. வேண்டுமா வேண்டாமா என்று முன்பே முடிவு செய்யாவிட்டால் ஆறு படிக்கான மரம் வீணாக வந்து சேரும், என் வீட்டில் வந்தது. கதவு வந்து உட்காருவதற்காக நிலையில் எடுக்கும் பள்ளம் காடி. ஒரு சட்டத்தின் நுனியைச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகுவது கழுந்து. கழுந்துக்கும், சுவருக்குள் போகும் நுனிக்கும் சேர்த்துத்தான் நீளம் எழுத வேண்டும். கதவின் வெளிச்சட்டங்களுக்கு நடுவே அடைக்கும் பலகை பேனல். கண்ணாடியையோ பேனலையோ பிடித்து நிறுத்தும் மெல்லிய பட்டை பீடிங். ஒன்றுக்கு ஒன்றரை இஞ்ச் மாதிரி ஒல்லியாக அறுத்தது ரீப்பர்.

அப்புறம் நூல். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். ஆறு நூல் பலகை என்றால் முக்கால் இஞ்ச், ஏறக்குறைய 19 மி.மீ. நாலு நூல் என்றால் அரை இஞ்ச். "ரெண்டு நூல் கம்மியா இருக்கும் சார், பரவாயில்லை" என்று சொன்னால் கால் இஞ்ச் போகிறது என்று அர்த்தம். அது பரவாயில்லையா என்பதை அடுத்த கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

2. கன அடி போடத் தெரியாமல் உள்ளே நுழையாதீர்கள்

அறுத்த மரம் கன அடியில்தான் விற்கும், கடையில் சிஎஃப்டி என்பார்கள். கணக்கு சுலபம். நீளம் அடியில், அகலமும் கனமும் இஞ்சில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தலைவாசல் நிலைக்கு 6-க்கு 4 இஞ்ச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். கால் இரண்டும் ஏழரை அடி, மேல் சட்டமும் படியும் நாலரை அடி. மொத்தம் 24 அடி. 24 × 6 × 4 ÷ 144 = சரியாக 4 கன அடி. கன அடி 3,000 ரூபாய் என்றால் 12,000. (கணக்குக்காக வைத்த ரேட் இது. மரத்தையும் ஊரையும் பொறுத்து நிறைய மாறும்.)

இப்போது இதில் எங்கெல்லாம் பணம் கசிகிறது என்று பாருங்கள்.

முதலாவது, நீளத்தை முழு அடிக்கு ஏற்றுவது. ஏழரையை 8 என்றும் நாலரையை 5 என்றும் எழுதினால் மொத்தம் 26 அடி ஆகிவிடும், 4.33 கன அடி, 13,000 ரூபாய். ஒரே நிலையில் ஆயிரம் ரூபாய். மரம் உண்மையிலேயே 8 அடியாக இருந்து, மிச்ச அரையடித் துண்டு நம் வீட்டுக்கு வந்தால் அது நியாயம். துண்டு அங்கேயே நின்றுவிட்டால் நியாயம் இல்லை. அரை அடி, கால் அடி வரை கணக்கெடுக்கும் கடைகள் இருக்கின்றன. எந்த அளவுக்கு ஏற்றுவீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, அந்த நூல் விவகாரம். 6-க்கு 4 என்று பில் போட்டுவிட்டு, கையில் கிடைப்பது ஐந்தே முக்காலுக்கு மூன்றே முக்கால் என்றால், அது 4 கன அடி இல்லை, 3.6-க்கும் ஒரு துளி குறைவு. சுமார் 1,200 ரூபாய் காற்றில் போயிற்று. இதில் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். இழைப்பதற்கு முன் உள்ள அளவு வேறு, இழைத்த பின் உள்ள அளவு வேறு. இழைத்தால் பக்கத்துக்கு ஒரு நூல் குறைவது இயல்பு, அதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. ஆனால் இழைக்காத மரமே குறைவாக இருந்தால், இழைத்த பிறகு இன்னும் மெலிந்து, ஆசாரி "இதுல காடி எடுத்தா கீல் பிடிக்காதே" என்று நம்மைப் பார்ப்பார். சொந்த டேப் கொண்டுபோங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மூன்றாவது ரன்னிங் அடி. பீடிங், ரீப்பர் எல்லாம் நீள அடிக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். கேட்கச் சின்னத் தொகையாக இருக்கும். அதையும் கன அடிக்கு மாற்றிப் பாருங்கள். 2-க்கு 1 இஞ்ச் ரீப்பர் 72 அடி சேர்ந்தால்தான் ஒரு கன அடி. நான் மாற்றிப் பார்த்தபோது, தலைவாசல் மரத்தைவிட பீடிங் மரம் விலை கூடியதாக இருந்தது! அறுப்புக் கூலியும் சேதாரமும் அதில் இருக்கும்தான், ஆனாலும் அவ்வளவா?

3. உருண்டைக் கட்டையாக வாங்குவதென்றால்

சுற்றளவை இஞ்சில் எடுத்து நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 48 இஞ்ச், நீளம் 10 அடி என்றால் 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. உண்மையான கொள்ளளவு 12.7 கன அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். அறுக்கும்போது போகும் விளிம்புக்காக இந்தக் கணக்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளியும் 10 கன அடிக் கட்டையில் ஆறோ ஏழோ கன அடி நல்ல சட்டம் கிடைத்தாலே நான் திருப்திப்படுவேன்.

டேப்பைப் பட்டைக்கு மேல் சுற்றுகிறார்களா, பட்டை உரித்தா என்று பாருங்கள். சுற்றுவது அடியிலா நடுவிலா என்றும் பாருங்கள். நடுவில் சுற்றுவதுதான் முறை. முதல் வீடு கட்டுபவர் கட்டையாக வாங்க வேண்டாம் என்பேன். உள்ளே பொந்து இருந்தால் அறுத்த பிறகுதான் தெரியும், அந்தப் பொந்துக்கும் காசு கொடுத்தாயிற்று.

4. பெயரில் மயங்காதீர்கள்

கடையில் தேக்கு என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னால் போதாது. நாட்டுத் தேக்கு, பர்மா தேக்கு, ஆப்பிரிக்காவில் இருந்தும் தென் அமெரிக்காவில் இருந்தும் கப்பலில் வரும் தோட்டத் தேக்கு என்று ஒன்றுக்கொன்று விலை இரண்டு மடங்கு கூட வித்தியாசப்படும். கானா தேக்கு, ஈக்வடார் தேக்கு என்று சொல்பவை பெரும்பாலும் உண்மையான தேக்குதான், நட்டு வளர்த்து இளவயதில் வெட்டியவை. அதனால் வெள்ளை, அதாவது வெளுத்த வெளிப்பாகம், அதிகம். மோசம் என்று இல்லை, அந்த விலைக்கு வாங்கினால் சரி.

"பர்மா தேக்குக் கட்டை, நேத்துதான் இறங்குச்சு" என்று முழு உருண்டைக் கட்டையைக் காட்டினால் கொஞ்சம் நிதானியுங்கள். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் அறுக்காத கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, அறுத்த மரம்தான் வர வேண்டும். பழைய பர்மா தேக்கு வேண்டும் என்றால் காரைக்குடிப் பக்கம் இடித்த செட்டிநாட்டு வீடுகளின் மரம் விற்கும் கடைகளில் தேடலாம். நன்றாகக் காய்ந்த மரம், ஆனால் ஆணி ஓட்டைகளும் பழைய காடிகளும் போக எவ்வளவு தேறும் என்று ஆசாரியைக் கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டும்.

பட்ஜெட் குறைவு என்றால் நிலைக்கு வேங்கை நல்ல மரம், தேக்கைவிடக் கனமானது. ஒன்று மட்டும் கவனம். அது நனைந்தால் சாயம் விடும், மழைத் தண்ணீர் பட்டால் வெள்ளைச் சுவரில் மஞ்சள் கறை இறங்கும். எனவே நிலை வைப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் பிரைமர் அடித்துவிடுங்கள். வேம்பும் போடுகிறார்கள், நன்றாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். காட்டு மரம், ஜங்கிள் வுட் என்பது ஒரு மரத்தின் பெயர் அல்ல. என்ன மரம் என்று சொல்ல முடியாதபோது சொல்லும் பெயர்.

5. வைரமும் வெள்ளையும்

"வைரம் பாஞ்ச கட்டை" என்பது வயசான பெரியவர்களுக்குச் சொல்லும் பாராட்டு மட்டும் இல்லை. மரத்தின் நடுவில் நிறம் முற்றி இறுகிய பாகம்தான் வைரம். சுற்றி வெளுத்திருப்பது வெள்ளை. தேக்கில் கரையானும் வண்டும் சுலபத்தில் தொடாதது வைரத்தைத்தான். தேக்காகவே இருந்தாலும் வெள்ளையை அரித்துவிடும். எனவே "தேக்குதானே" என்று வெள்ளை உள்ள சட்டத்தை நிலைக்குப் போடாதீர்கள். வெள்ளையைத் தள்ளித் தரும் ரேட் வேறு, சேர்த்துத் தரும் ரேட் வேறு. எந்த ரேட் பேசுகிறோம் என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

சாயம் பூசியிருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள், அடியில் வேறு நிறம் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். முனை வெடிப்புகளில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்திருப்பார்கள். நகத்தால் கீறினால் அந்த இடம் மட்டும் வழவழவென்று இருக்கும். கணு இருந்தால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. இறுகிப் பிடித்திருக்கும் சின்னக் கணு அழகுதான். கறுத்து, விளிம்பில் கோடு விட்டிருக்கும் கணு நாளைக்கு உதிர்ந்து விழும். கீல் பொருத்தும் இடத்திலும் பூட்டு வரும் இடத்திலும் எந்தக் கணுவும் கூடாது.

கடைசியாகச் சட்டத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், ஆசாரிகள் பார்ப்பார்களே அதே மாதிரி. வளைவும் முறுக்கும் அப்போதுதான் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் இழைத்துச் சரிக்கட்டலாம், முறுக்கை ஒன்றும் செய்ய முடியாது.

6. ஈரம். நான் பட்ட இடம் இதுதான்

கதவுக்கு ஒரு கடையில் வாங்கிய மரம் நல்ல வைரம், அளவும் சரி, ரேட்டும் சரி. "சீசன் ஆனதுதானே அண்ணாச்சி?" "நல்லா ட்ரீட் பண்ணினது சார்." நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ட்ரீட்மென்ட் என்பது பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தில் நனைப்பது. சீசனிங் என்பது ஈரத்தை வெளியேற்றுவது. நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று, அவர் பொய்யும் சொல்லவில்லை!

கதவு மாட்டிய வருஷம் ஆடிச் சாரலில் தலைவாசல் அடைக்க முடியவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளி மூடுவோம், திறக்க ஒருவர் வெளியே இருந்து உதைக்க வேண்டும். ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்தோம். சித்திரை வந்தது, மரம் காய்ந்து சுருங்கியது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்த்தேன், போய் அந்தப் பக்கம் விழுந்தது. இப்போது அந்த ஓரத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கிறது, வருகிறவர்கள் டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் சுருங்கும், உப்பும். பச்சை மரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கலாம். கதவு செய்யும்போது 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. முள் வைத்த ஈரமானி இணையத்தில் சின்ன விலைக்குக் கிடைக்கிறது, வாங்குங்கள். முனையில் குத்திப் பார்க்காதீர்கள், முனை எப்போதும் சீக்கிரம் காய்ந்துவிடும். நடுவில் குத்துங்கள். மீட்டர் இல்லையென்றால் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, சமையல் தராசில் எடை போட்டு, ஓவனில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் எடை குறைவது நிற்கும் வரை வைத்து மறுபடி எடை போடுங்கள். 115 கிராம் 100 கிராம் ஆனால் ஈரம் 15 சதவீதம்.

செலவில்லாத வழியும் ஒன்று இருக்கிறது, அது எனக்குக் காலம் கடந்துதான் தெரிந்தது. நிலை சுவர் எழும்பும்போதே வேண்டும். கதவோ பூச்சு வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் மாட்டுவோம், நடுவில் நாலைந்து மாசம் ஓடிவிடும். அதனால் நிலைக்கு மரம் வாங்கும்போதே கதவு மரத்தையும் வாங்கி அறுத்து, நிழலில், தரையில் படாமல் அடுக்கிவிடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே இரண்டடிக்கு ஒரு ரீப்பர், மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோட்டில். முனைகளில் பெயின்ட் அடித்துவிட்டால் வெடிப்பு குறையும். கடைக்காரர் காய வைக்காததை உங்கள் வீட்டு வராந்தாவே காய வைத்துவிடும். சுவருக்குத் தண்ணீர் அடிக்கும்போது நிலையை பாலித்தீன் சுற்றி மூடிவையுங்கள். பூச்சு காயும் முன் கதவை மாட்டவும் வேண்டாம்.

7. பிளைவுட்டில் மூன்று எண்கள்

அலமாரி, கிச்சன் வேலைக்குப் போகும்போது "வாட்டர்ப்ரூஃப்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். ஐஎஸ் என்பது இந்தியத் தர நிர்ணய எண். ஐஎஸ் 303-இல் இரண்டு வகை. எம்ஆர் என்பது காற்றின் ஈரத்தைத் தாங்கும் சாதா ரகம், கமர்ஷியல் என்பார்கள், ஹால் அலமாரிக்குப் போதும். பிடபிள்யூஆர் கொதிநீருக்கு ஓரளவு தாங்குவது. ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட், சிங்க் அடியிலும் பாத்ரூம் பக்கத்திலும் இதைத்தான் போட வேண்டும். ரெடிமேட் ஃபிளஷ் கதவுக்கு, அதாவது இரண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டித் தட்டையாக வரும் கதவுக்கு, ஐஎஸ் 2202. ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்துப் பார்த்தால் யாருடைய லைசென்ஸ், நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும்.

ஒரு ஷீட் 8-க்கு 4, 32 சதுர அடி, இங்கேதான் சதுர அடிக் கணக்கு. 18 மி.மீ. என்று சொன்னதை அளந்து பாருங்கள், 16 இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மேலே ஒட்டும் மைக்கா 1 மி.மீ. என்று பேசிவிட்டு 0.8 வருவதும் உண்டு.

8. பில், பர்மிட், வண்டி

துண்டுச்சீட்டில் "மரம் – 40,000" என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மரத்தின் பெயர், ஒவ்வொரு சட்டத்தின் அளவு, எண்ணிக்கை, மொத்தக் கன அடி, ரேட், ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். நான் வாங்கியபோது மரத்துக்கும் பிளைவுட்டுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். 40,000-த்துக்கு 7,200 ரூபாய், சின்னக் காசு இல்லை. ரேட் பேசும்போதே வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். பில் வண்டியிலேயே டிரைவர் கையில் இருக்க வேண்டும், வழியில் நிறுத்தினால் முதலில் கேட்பது அதுதான்.

சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. நம் மரம்தானே என்று தேக்கை வெட்டி வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். கோடரி வைப்பதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், எந்த மரத்துக்கு பர்மிட் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அங்கேதான் உறுதியாகச் சொல்வார்கள். சிட்டா, அடங்கல், விஏஓ சான்று, ஆதார் நகல் கையில் இருக்கட்டும். ஒரு மாசமாவது முன்னால் ஆரம்பியுங்கள், நேரில் பார்த்து அளந்த பிறகுதான் தாள் நகரும். மலைப்பகுதி என்றால் 1955-ஆம் வருஷ மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. சந்தனம், செம்மரம், ஈட்டி மூன்றையும் தானாக விழுந்து கிடந்தாலும் தொடாதீர்கள், தகவல் மட்டும் சொல்லுங்கள்.

9. கூலியும் நாளும்

மரத்தின் விலையோடு செலவு முடிவதில்லை. மில்லில் அறுப்புக் கூலி, இழைப்புக் கூலி, ஏற்று இறக்குக் கூலி, வண்டி வாடகை, இவையெல்லாம் யார் தலையில் என்று முன்பே பேசாவிட்டால் நம் தலையில்தான். செங்கோட்டை மாதிரி மரக்கடைகளும் மில்களும் ஒரே ஊரில் இருந்தால் வண்டி வாடகை ஒரு நடை மிச்சம்.

நிலை வைக்க நாள் குறித்துவிட்டு மரம் தேடாதீர்கள், மரம் வந்து நிலை செய்த பிறகு நாள் குறியுங்கள். முகூர்த்தம் நெருங்குகிறது என்று தெரிந்துவிட்டால் கடையில் பேரம் நடக்காது. நிலைக்கு மட்டும் குறைந்தது மூன்று வாரம் முன்னால் கடைக்குப் போங்கள். அறுக்கும் அன்று மில்லில் நீங்களும் நில்லுங்கள், உங்கள் கட்டைதான் வாளில் ஏறுகிறதா என்று பார்க்க. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், சத்தம் தாங்காது.

மிச்சத் துண்டுகள் உங்களுடையவை, நீங்கள் காசு கொடுத்தவை. ஒரு சாக்கு எடுத்துப் போங்கள். நான் கொண்டுவந்ததில் வெள்ளை போக இரண்டு மணைப்பலகை தேறியது, மூன்றாவது துண்டு ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.